பெற்றோருக்குத் தெரியாத மொழியில் ஒரு பள்ளி

1962 பிப்ரவரி 13 அன்று வெல்ஷ் எழுத்தாளரும் தேசியவாதியுமான சாண்டர்ஸ் லூயிஸ், பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டின் சொந்த மொழியான வெல்ஷில், பிபிசி வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். இப்போது போகிற போக்கு தொடர்ந்தால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இருக்காது என்றார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வெல்ஷ் மொழிச் சங்கம் உருவானது. அடுத்த பிப்ரவரியில் அபெரிஸ்ட்வித் நகரத்துப் பாலத்தில் இளைஞர்கள் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். அப்புறம் வழக்கு, அபராதம், சிறை. வெல்ஷ் மொழிப் போராட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்த வரிசையில்தான் எழுதுவார்கள்.

அந்த உரைக்கு ஏழு மாதம் கழித்து நடந்த ஒன்றைப் பற்றி நான் எழுத நினைக்கிறேன். தெற்கு வேல்ஸில், பான்ட்டிப்ரீத் ஊருக்குப் பக்கத்தில், மரக் கட்டடங்களில் 80 பிள்ளைகளோடு ஒரு பள்ளி திறந்தது. பெயர் ரீட்வெலன். தெற்கு வேல்ஸில் வெல்ஷ் வழியில் நடந்த முதல் உயர்நிலைப் பள்ளி அது. க்விலிம் ஹம்ஃப்ரீஸ் என்பவர் அதன் முதல் தலைமை ஆசிரியர். 1975 வரை 13 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். நானும் என் மகளும் இன்று அனுபவிக்கிற ஒரு வசதி அவரையும் அவரைப் போன்ற சிலரையும் கொண்டுதான் உண்டானது என்று நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இருக்கிறோம். மகள் வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டில் தமிழ், தெருவில் ஆங்கிலம், பள்ளியில் வெல்ஷ். எனக்கு வெல்ஷில் வணக்கமும் நன்றியும் சொல்ல வரும், அதற்கு மேல் தடுமாற்றம்தான். அவள் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஏறத்தாழ இதே நிலைமை. தமக்குத் தெரியாத மொழியில் கணக்கும் அறிவியலும் படிக்கட்டும் என்று பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார்கள். தாய்மொழி வழிக் கல்வி என்று நாம் பேசும்போது வீட்டில் பேசும் மொழியைத்தான் நினைக்கிறோம். இங்கே வீட்டில் இல்லாத மொழியைப் பள்ளி பிள்ளைக்குக் கொடுக்கிறது, பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. எந்த நம்பிக்கையில் பெற்றோர் இதற்குச் சம்மதிக்கிறார்கள்? யார் அந்த நம்பிக்கையை உண்டாக்கினார்கள்? இதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் தலைமை ஆசிரியர்களிடம் வந்து நின்றேன்.

வேல்ஸில் பள்ளியும் மொழியும் மோதிய கதை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யாராவது வெல்ஷில் பேசுவது காதில் விழுந்தால் அது அந்தப் பிள்ளையின் கழுத்துக்குப் போகும். பள்ளி விடுகிற நேரத்தில் அது யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இப்படிச் செய்யச் சொல்லி அரசு எந்தச் சட்டமும் போடவில்லை. அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்தான் முடிவு செய்தார், பெரும்பாலும் பெற்றோரின் ஒப்புதலோடு. பிள்ளை ஆங்கிலம் கற்றால் பிழைத்துக்கொள்வான் என்று அவர்களும் மனதார நம்பினார்கள். இந்த விஷயம்தான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. ஒரு மொழியைப் பள்ளி முற்றத்திலிருந்து விரட்டலாமா, அங்கே வளர்க்கலாமா என்பதை வேல்ஸில் அன்றும் இன்றும் ஒரு பள்ளியின் தலைமையில் இருப்பவர் தீர்மானிக்கிறார்.

1889இல் வேல்ஸுக்கென்று தனியாக இடைநிலைக் கல்விச் சட்டம் வந்தது. இங்கிலாந்துக்கு முன்பே வேல்ஸில் ஊருக்கு ஊர் அரசு ஆதரவுள்ள உயர்நிலைப் பள்ளிகள் எழுந்தன. கல் குவாரித் தொழிலாளியின் மகனும் சுரங்கத் தொழிலாளியின் மகளும் படித்து மேலே வர அவை வழி திறந்தன. அந்தப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு ஊரில் பெரிய மரியாதை. ஆனால் பாடம் நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில். முழுக்க வெல்ஷ் பேசும் கிராமத்திலும் அப்படித்தான். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், வேலை கிடைத்து வெளியூர் போனார்கள், தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். 1911 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 43.5 சதவீதம் பேர் வெல்ஷ் பேசினார்கள். 1961இல் அது 26 சதவீதம்.

மரத்துண்டைக் கழுத்தில் சுமந்தவர்களில் ஒருவர் ஓ. எம். எட்வர்ட்ஸ். பெரியவரான பிறகு, 1907இல், வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரானார். அவருடைய மகன் இவான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ் 1939இல் அபெரிஸ்ட்வித்தில் ஏழு பிள்ளைகளோடு ஒரு தனியார் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியை ஆரம்பித்தார். நோரா ஐசக் என்ற இளம் ஆசிரியை அதை நடத்தினார். 1947இல் லானெல்லியில் உள்ளாட்சியே ஒரு வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியைத் திறந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் திறந்தார்கள். சரி, பதினொரு வயதானதும் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஆங்கில வழி உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போயாக வேண்டும். அறிவியல், வரலாறு, நண்பர்கள், காதல், சண்டை எல்லாம் ஆங்கிலத்தில் தொடங்குகிற வயது அது. சிறுவயதில் கற்ற மொழி சிறுவயதோடே நின்றுபோகும்.

முதல் கதவு வடகிழக்கில் திறந்தது. ஃபிளின்ட்ஷயர் கல்வி இயக்குநர் ஹேடன் வில்லியம்ஸின் முயற்சியால் 1956இல் ரில் நகரத்தில் கிளான் கிளூயிட் பள்ளி வந்தது. வெல்ஷ் வழியில் நடந்த முதல் உயர்நிலைப் பள்ளி அதுதான். ரில் ஆங்கிலம் ஓங்கிய கடலோரச் சுற்றுலா நகரம். 1961இல் அதே மாவட்டத்தில் மோல்ட் ஊரில் மேஸ் கார்மன். மறு ஆண்டு தெற்கில் ரீட்வெலன். வெல்ஷ் வலுவாக இருந்த மேற்குக் கிராமங்களில் இவை முதலில் எழவில்லை என்பதைக் கவனியுங்கள். மொழி கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த இடங்களில்தான் பெற்றோருக்கு இந்தப் பள்ளி வேண்டுமென்ற தவிப்பு இருந்தது.

தெற்கின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் தாத்தா பாட்டி வெல்ஷ் பேசுவார்கள், தேவாலயத்தில் வெல்ஷில் பாடுவார்கள். அப்பா அம்மாவுக்குப் புரியும், பேச வராது. பேரப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. மூன்று தலைமுறைக்குள் நடந்த இழப்பு. கிளமார்கன் மாவட்டக் கல்விக் குழுவின் தலைமையில் லூவெலின் ஹேகாக் இருந்தார். ரயில் இன்ஜின் ஓட்டுநராக இருந்து அரசியலுக்கு வந்த தொழிற்கட்சிக்காரர். வெல்ஷ் வழிப் பள்ளி என்றாலே வெல்ஷ் தேசியவாதிகளின் வேலை என்று சந்தேகப்பட்டவர்கள் அவர் கட்சியிலேயே நிறைய. இருந்தும் இந்தப் பள்ளிகளுக்கு அவர் ஆதரவு தந்தார். அந்த ஆதரவு இல்லாமல் ரீட்வெலன் இல்லை.

கட்டடமும் அனுமதியும் கிடைத்துவிட்டன. இனி பள்ளியை நடத்த வேண்டும். இங்கேதான் தலைமை ஆசிரியரின் வேலை சாதாரணப் பள்ளியிலிருந்து விலகிப் போகிறது.

அக்காலத்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். தேறியவர்கள் மேற்படிப்புக்குத் தயாராக்குகிற கிராமர் பள்ளிக்கு, மற்றவர்கள் வேறு பள்ளிக்கு. வெல்ஷ் வழிப் பள்ளிக்கு அப்படிப் பிரிக்கிற அளவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடிய பிள்ளையும் பதினைந்து வயதில் வேலைக்குப் போகப்போகிற பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் படித்தார்கள். எல்லோருக்குமான பொதுப் பள்ளி என்ற கொள்கை நாடு முழுதும் பரவும் முன்பே மொழித் தேவை அதை இங்கே கொண்டுவந்துவிட்டது. தலைமை ஆசிரியர் இருதரப்புக்கும் பாடத்திட்டம் வகுக்க வேண்டும், இருதரப்புப் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பாடநூல்கள் மிகக் குறைவு. வரலாறும் சமயமும் வெல்ஷில் சொல்லிக்கொடுக்கத் தடையில்லை, அவற்றுக்கு மரபு உண்டு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வகுப்பறையில் புழங்குகிற சொற்களே முழுதாக இல்லை. அதனால் இந்தப் பள்ளிகள் ஆரம்பத்தில் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில்தான் நடத்தின. பிறகு ஒவ்வொரு பாடமாக வெல்ஷுக்கு மாற்றினார்கள். ஆசிரியர்கள் தாங்களே குறிப்புகள் எழுதி, படியெடுத்துக் கொடுத்தார்கள். கலைச்சொற்கள் சேர்த்தார்கள். தேர்வு வாரியம் வெல்ஷில் வினாத்தாள் தர வேண்டும், அதைத் திருத்த ஆள் வேண்டும். இத்தனையும் இயல்பாக நடப்பதுபோல இன்று தெரிகிறது. அன்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கடிதம் எழுதி, கூட்டத்தில் வாதாடி, காத்திருந்து வாங்க வேண்டியிருந்தது. தமிழ்வழியில் அறிவியல் படித்த, கற்பித்த எவருக்கும் இந்த உழைப்பின் எடை தெரியும்.

பேருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பள்ளி, பெரிய நிலப்பரப்பு. ரம்னி பள்ளத்தாக்கிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும்கூட ரீட்வெலனுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை தன் தெருவிலேயே இருக்கிற பள்ளியைத் தாண்டி, பேருந்தில் வெகுதூரம் போய், தன் அம்மாவுக்குத் தெரியாத மொழியில் படிக்க வேண்டும். மாலையில் பேருந்து கிளம்பிவிட்டால் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் இருக்க முடியாது. பேருந்து அட்டவணை சரியாக இல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், பள்ளி சுருங்கிவிடும். வெல்ஷ் வழிக் கல்வியின் வரலாற்றில் போக்குவரத்துக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பெற்றோரின் ஒரே கேள்வி. "என் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுப்போகாதா?" இதற்குக் கொள்கை விளக்கம் சொல்லிப் பயனில்லை. பண்பாடு, பாரம்பரியம் என்று பேசினால் ஏற்கெனவே மனம் ஒப்பியவர்கள் மட்டும் தலையாட்டுவார்கள். பொதுத் தேர்வு முடிவு ஒன்றே எல்லோரும் ஏற்கிற பதில். முதல் சில ஆண்டுப் பிள்ளைகள் தேர்வில் சறுக்கியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் நன்றாக எழுதினார்கள். ஆங்கிலப் பாடத்திலும்தான். செய்தி பள்ளத்தாக்குகளில் வாய்வழியாகப் பரவியது. மெல்ல மெல்ல, வீட்டில் ஒரு சொல் வெல்ஷ் இல்லாத குடும்பங்களும் வரத் தொடங்கின. 1971இல் மழலையர் பள்ளிகளுக்கான வெல்ஷ் இயக்கம் தொடங்கிய பிறகு இந்த வரவு பெருகியது. இரண்டரை, மூன்று வயதில் பாட்டும் விளையாட்டுமாக மொழியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் பதினொன்றில் உயர்நிலைப் பள்ளி வாசலுக்கு வந்தார்கள்.

அந்த முடிவுகளை எழுதிக்காட்டிய முதல் ஆண்டு மாணவர்களை நினைத்தால் எனக்கு மதிப்பு கூடுகிறது. தாங்கள் சோதனைக்கு வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்புறம் முற்றம். வகுப்பில் ஆசிரியர் முன்னால் வெல்ஷ், மணி அடித்ததும் ஆங்கிலம். இது இன்றுவரை தீராத சிக்கல், எந்த வெல்ஷ் வழிப் பள்ளியின் தலைமை ஆசிரியரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். எளிய வழி ஒன்று இருக்கிறது: ஆங்கிலம் பேசினால் தண்டனை. ஆனால் அந்த மரத்துண்டின் நினைவு உள்ள நாட்டில் எந்த மனசாட்சியுள்ள ஆசிரியர் அதைத் திரும்பக் கையில் எடுப்பார்? எனவே சுற்றுவழிதான். பாட்டுக் குழு, நாடகம், ரக்பி, முகாம், இளைஞர் இயக்கமான இர்த் நடத்துகிற கலைப் போட்டிகள், வெல்ஷில் ராக் இசை. மொழி பாடமாக மட்டும் இருந்தால் பாடத்தோடு மூடி வைக்கப்படும். சிரிப்பும் போட்டியும் வெற்றியும் அந்த மொழியில் நடந்தால் அது வாயில் தங்கும். இதற்காகத் தலைமை ஆசிரியர் ஆள் எடுக்கும்போதே பார்க்க வேண்டும்: பாடம் தெரிந்தவரா என்பதோடு, சனிக்கிழமை பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பவரா, பியானோ வாசிப்பவரா, மேடை கட்டத் தெரிந்தவரா. ஒரு பள்ளியின் மொழிக் கொள்கை உண்மையில் அதன் ஆசிரியர் நியமனங்களில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ரீட்வெலன் நிரம்பியதும் புதிய பள்ளிகள் பிரிந்தன. 1969இல் அஸ்தலவேரா, 1974இல் லான்ஹாரி, 1978இல் கார்டிஃபில் கிளான்டாவ், 1981இல் கூம் ரம்னி. ஒவ்வொரு முறையும் வளர்ந்த பள்ளியிலிருந்து ஒரு பகுதிப் பிள்ளைகளையும் நல்ல ஆசிரியர்களையும் விட்டுக்கொடுக்க வேண்டும். தான் கட்டியதைத் தானே பிரித்துத் தருவது, விளைந்த வயலிலிருந்து விதைநெல் எடுத்துக் கொடுப்பது போல. இன்று தெற்கு வேல்ஸின் வெல்ஷ் வழிப் பள்ளிகளில் பலவற்றின் வேரைத் தேடிப் போனால் ரீட்வெலனில் வந்து நிற்கும்.

ஹம்ஃப்ரீஸ் 1975இல் பள்ளியை விட்டு ஆய்வாளரானார். 1983இல் வடமேற்கில் க்வினெத் மாவட்டத்தின் கல்வி இயக்குநர். ஒரு பள்ளியின் 80 பிள்ளைகளில் தொடங்கி ஒரு மாவட்டத்தின் அத்தனை பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்த பணிவாழ்க்கை. க்வினெத்தில் சிக்கல் தலைகீழானது. தெற்கில் வெல்ஷ் இல்லாத இடத்துக்கு வெல்ஷைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே ஊரே வெல்ஷ் பேசும், இங்கிலாந்திலிருந்து குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. வகுப்பில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் மொத்த வகுப்பும் அவர்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடும். எனவே 1980களில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று மொழி மையங்கள் திறந்தார்கள். சுமார் ஒரு பருவம் அங்கே வெல்ஷில் தீவிரப் பயிற்சி, பிறகு தங்கள் பள்ளிக்குத் திரும்பி மற்றவர்களோடு படிப்பார்கள். வந்தவரை ஒதுக்காமலும் ஊர் மொழியைக் கைவிடாமலும் இருக்க இதைவிட நியாயமான ஏற்பாடு ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை.

இன்று வேல்ஸில் ஒருவர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக வேண்டுமென்றால் பாதை வகுக்கப்பட்டிருக்கிறது. பாட ஆசிரியர், துறைத் தலைவர், உதவி அல்லது துணைத் தலைமை ஆசிரியர் என்று ஏற வேண்டும். தலைமைப் பொறுப்புக்கென்று தேசியத் தகுதிச் சான்றிதழும் உண்டு. கல்விப் பணியாளர் மன்றத்தில் பதிவு வேண்டும். ஊர்க்காரர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அடங்கிய பள்ளி ஆளுநர் குழுதான் நேர்காணல் செய்து தேர்ந்தெடுக்கும். பணம் 22 உள்ளாட்சிகளில் ஒன்றிலிருந்து வரும், போதாது. எஸ்டின் என்ற ஆய்வு அமைப்பு வந்து பார்க்கும். 2022 முதல் பள்ளிக்கு ஒற்றைச் சொல் தரம் போடுவதை அது விட்டுவிட்டது, என் பார்வையில் நல்ல முடிவு. அதே ஆண்டு புதிய பாடத்திட்டமும் வரத் தொடங்கியது. தேசியப் பாடநூல் கிடையாது. நோக்கங்களை அரசு சொல்லும், எதை எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெருமளவு பள்ளியே வடிவமைக்க வேண்டும். சுதந்திரம் பெரியது, வேலைச்சுமையும் அவ்வளவு பெரியது.

வெல்ஷ் வழிப் பள்ளி என்றால் கூடுதலாக ஒன்று: ஆசிரியர்கள் கிடைப்பதில்லை. வெல்ஷில் இயற்பியல் கற்பிக்கக்கூடியவரைத் தேடி அலைகிறார்கள். 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்று 2017இல் அரசு இலக்கு வைத்தது. 2021 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், 17.8 சதவீதம். 2025இல் வெல்ஷ் மொழி, கல்விச் சட்டம் நிறைவேறியது. 2050க்குள் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் வெளிவரும் பிள்ளைகள் தன்னம்பிக்கையோடு வெல்ஷ் பேச வேண்டும் என்பது அதன் குறி. சட்டத்தை எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் எட்டாம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியர் வராவிட்டால் யாரை அனுப்புவது என்று பார்க்கிறவர் தலைமை ஆசிரியர். அந்த வேலைக்குத் தகுதியானவர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்து, நல்ல சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற செலவைத்தான் அரசு முதலில் செய்ய வேண்டும். விளம்பரமும் விழாவும் அதற்குப் பிறகு.

2006இல் ரீட்வெலன் பழைய இடத்தை விட்டு சர்ச் வில்லேஜ் ஊருக்குப் போய் கார்த் ஓலுக் என்று பெயர் மாறியது. பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் பள்ளி நடக்கிறது, இப்போது மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரை.

மருத்துவமனை வேலைக்கும் கணினி வேலைக்கும் வேல்ஸுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையை வெல்ஷ் வழியில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. ஊர் மாறிப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது, வீட்டுப்பாடத்துக்கு யார் உதவுவது, தமிழ் மறந்துபோகாதா என்று கவலைகள். எல்லாம் நியாயமானவைதான். எங்கள் வீட்டில் தமிழ் போகவில்லை. அதற்கு நாங்கள் வீட்டில் தமிழிலேயே பேசுவதுதான் காரணம், பள்ளிக்கு அதில் பங்கில்லை. வீட்டுப்பாடக் குறிப்பைப் பள்ளி ஆங்கிலத்திலும் அனுப்புகிறது. ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அது அவரவர் சூழ்நிலை. ஒன்றை மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன். பள்ளியைப் பார்க்க அழைக்கும் நாளில் இடைவேளை நேரத்துக்குப் போங்கள். முற்றத்தில் நின்று பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு தலைமை ஆசிரியரிடம் போய் அதைப் பற்றியே பேச்சைத் தொடங்குங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்து முடிவெடுக்கலாம்.